துலிப் வயலோரம் நின்ற சொர்ணலட்சுமி

டெல்ஃப்ட் நகரத்துக்கு வந்து இறங்கிய முதல் வாரம் சொர்ணலட்சுமிக்கு எதைப் பார்த்தாலும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. மகள் பிரீத்தியின் வீட்டு வாசலிலேயே கால்வாய் ஓடியது. அதில் வாத்து நீந்தியது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். ஹாலந்து தேசம் முழுக்க இப்படித்தான் என்றார் மருமகன் ஹரிஷ்குமார்.

விருதுநகருக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவள் கண்டது வீடும் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியும்தான். கணவர் அய்யாதுரை மாரடைப்பில் போன பிறகு கம்பெனி லைசென்ஸ் அவள் பெயருக்கு மாறியது. நடத்தியது மகன் மணிகண்டராஜ். அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு அவள் வேலை முடிந்தது. ஆர்டர் நெருக்கும்போது, வெடிமருந்து செலுத்துகிற ரூமில் சட்டம் சொன்ன அளவுக்கு மேல் ஆள் உட்காருவது அவளுக்குத் தெரியும். ஒருமுறை கேட்டதற்கு, "எல்லாரும் செய்யுறதுதான்மா" என்றான். அதன்பிறகு கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று பத்திரகாளி வந்து வழியனுப்பினாள். கம்பெனி ஆரம்பித்த காலத்தில் சொர்ணலட்சுமியோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டியவள், இன்னும் அங்கேயே வேலை பார்ப்பவள்.

"மொதலாளியம்மா, அங்கன பாக்கிறதையெல்லாம் போட்டோ புடிச்சுப் போடுங்க. நாங்க எங்க போயிப் பாக்கப்போறோம்?"

அதனால் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டாள். கோயில் மாதிரி உயர்ந்த சர்ச், சக்கரம் சக்கரமாய் அடுக்கிய பாலாடைக்கட்டி, எல்லாம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஹரிஷ்குமார் காரில் நாட்டுப்புறத்துக்குக் கூட்டிப்போனார். காற்றாலை, கொழுத்த பசுக்கள், பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பும் மஞ்சளுமாகத் துலிப் வயல். சேலைக்கு மேல் சிவப்பு ஸ்வெட்டர் போட்டு வயலோரத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் படத்தையும் போட்டாள்.

அன்று காலையிலிருந்தே பிரீத்தியின் முகம் வீங்கியிருந்தது. கேட்டதற்குச் சளி என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஊரைச் சுற்றிக்காட்டும் கூட்டத்தோடு தாயும் மகளும் நடந்தார்கள். வழிகாட்டி ஒரு திறந்தவெளியில் நின்று என்னவோ சொன்னான். கையை விரித்து "பூம்" என்றான். கூட்டம் சிரித்தது.

"என்னடி சொல்றான்?"

"இங்கன வெடிமருந்துக் கிட்டங்கி இருந்துச்சாம். முந்நூறு, நானூறு வருசத்துக்கு முன்னால. வெடிச்சு, பாதி ஊரு..." பிரீத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அம்மா, நம்ம கம்பெனியிலயும் வெடிச்சிருச்சும்மா."

கூட்டம் நகர்ந்து போய்விட்டது. சொர்ணலட்சுமி அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"சனிக்கிழமை. அண்ணன்தான் சொல்லக்கூடாதுன்னுச்சு."

"யாரு யாரு?"

பிரீத்தி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பத்திரகாளியின் பெயரைக் கடைசியில் சொன்னாள்.

"பூவுக்குள்ள கொண்டுபோயி நிறுத்துனியே, அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்குத்தாம்மா அடக்கம் பண்ணுனாக. நீ ஸ்டேட்டஸ் போடுறது எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டாள். "மதுரை ஐகோர்ட்டுல நம்ம ரெண்டு பேருக்கும் முன்ஜாமீனுக்குப் போட்டிருக்கும்மா. அது கிடைக்கிற வரைக்கும் அங்கனயே இரு. இன்னும் ரெண்டு ஊரு சுத்திப்பாரு" என்றான் மணிகண்டராஜ். போர்மேன் செல்லப்பாண்டியைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. அவரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

"எம்பேர்ல இருக்க லைசென்சுக்கு அவரு எதுக்குலே உள்ள இருக்கணும்?"

அவன் போனை வைத்துவிட்டான். டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மருமகனிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே விஸ்வநத்தத்தில் பத்திரகாளி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். பத்திரகாளியின் மகள் ரோஷினி, காலேஜில் படிக்கிற பிள்ளை, பழக்கத்தில் "வாங்க" என்றாள். சேர் எடுத்துப்போட்டுவிட்டு எட்டத்தில் நின்றாள்.

"நீங்க பூவுக்குள்ள நின்னு சிரிச்ச போட்டோவ, அம்மா வீட்டுல வச்சிட்டுப் போன போன்லதான் பாத்தேன். அம்மாவத் துணியில கட்டிக் கொண்டாந்து போட்டிருந்தாக. மொகத்தப் பாக்க விடல."

"எனக்குத் தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது."

"வெடிச்சது தெரியாது, சரி. ரூமுல எம்புட்டு ஆளு உக்காந்திருந்தாகன்னு அதுக்கு முன்னாலயும் தெரியாதா?"

சொர்ணலட்சுமி எழுந்தாள். அதே ஆட்டோவில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கம்பெனி தன்னுடையது என்றும், ஆள் கூடுதலாக உட்காருவது தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். செல்லப்பாண்டியை விடச் சொன்னாள். அது கோர்ட் பார்க்க வேண்டியது என்றார் இன்ஸ்பெக்டர். அவளையும் கைது செய்து, மதுரைப் பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள்.

ஜாமீனில் வந்தபோது வாசலில் மகன் இல்லை, வக்கீல்தான் நின்றார். செல்லப்பாண்டியும் வெளியே வந்து ஆமத்தூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவள் ஆளனுப்பியும் பார்க்க வரவில்லை. கேஸ் இழுத்துக்கொண்டே போகிறது. அவள் சொன்னதை மாற்றிச் சொல்லச் சொல்லி மணிகண்டராஜ் ஒருநாள் வந்து கத்தினான். அவள் மாட்டேன் என்றாள். அதிலிருந்து பேச்சு இல்லை.

மறு சீசனுக்குள் மணிகண்டராஜ், அதிகாரிகள் சீல் வைத்த கம்பெனியைத் திறக்கச் செய்து, தன் மாமனார் பேரில் லைசென்ஸ் வாங்கி மறுபடி ஓட்டினான். கேள்விப்பட்ட காலையில் அவள் முதல் பஸ்ஸில் போய்க் கேட்டில் நின்றாள். ரூமில் எத்தனை பேர் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். வாட்ச்மேன் முத்துக்கிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உங்கள உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காகம்மா. எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்."

ஆள் ஏற்றிவரும் வேன் வந்து நின்றது. பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள். அவள் ஓடிப்போய் ஒருத்தியின் கையைப் பிடித்தாள். "ரூமுல கூட்டமா உக்காரச் சொன்னா உக்காராதீகடி."

அந்தப் பெண் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போங்க மொதலாளியம்மா, வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு உள்ளே போனாள்.