டார்லா கேட்க மறுத்த மன்னிப்பு

கனடாவின் சஸ்காட்ச்செவன் மாநிலத்தில், வடக்கே இருந்த அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு பட்டறை. அதில் ஒரே பெண் மெக்கானிக் டார்லா கொவால்ச்சுக். அவள் முதன்முதலில் ஸ்பேனரைத் தொட்டபோது இளித்த ஆம்பிளைகள் எல்லாம் இப்போது "டார்லா இருந்தா மட்டும் வண்டியை விடு" என்று பிள்ளைகளிடம் சொல்லியனுப்புகிறார்கள். அந்த நல்ல பெயரை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. குளிரில் கை வெடித்து, எண்ணெயில் முங்கி, அவளே சம்பாதித்தது. அதன்மேல்தான் வெர்னன் ஸ்ட்ரூப் காறித் துப்பியிருந்தார்.

வெர்னன், ஊரின் பள்ளிப் பேருந்துகளுக்கெல்லாம் முதலாளி. அவருடைய காரின் காற்று வடிகட்டிப் பெட்டியில் கறுப்பாக எண்ணெய் தேங்கிக் கிடந்தது. காற்று மட்டும் போக வேண்டிய வழியில் எண்ணெய்! கடைசியாக எண்ணெய் மாற்றியவள் டார்லா. போதாதா? "அளவு தெரியாம ஊத்திட்டா, இன்ஜின் காலி" என்று காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே முழங்கிவிட்டார் மனுஷன்.

அவள் அளவாகத்தான் ஊற்றினாள். வண்டியைப் பட்டறைக்குள் ஏற்றி மறுபடி மறுபடி பார்த்தாள். இன்ஜினுக்குள் சேரும் புகையை உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் புகை வேறு வழியில்லாமல் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு காற்றுப் பெட்டிக்கு ஏறும். குழாய் சுத்தமாக இருந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்குமோ என்று பார்த்தாள். அதுவும் இல்லை. சனியன், ஒரு குறையும் சொல்ல முடியாத இன்ஜின்!

பட்டறைக்காரர் ஆர்னி வந்து பக்கத்தில் நின்றார். "அவர் பஸ்ஸெல்லாம் நம்மகிட்டதான் வருது டார்லா. கை தவறிப்போச்சுன்னு ஒரு மன்னிப்பு கேட்டுடு."

"பண்ணாத தப்புக்கா?"

"நீ பண்ணலேன்னா வேற என்ன காரணம்? நீயே பாத்தியே, ஒண்ணும் கிடைக்கலியே. மன்னிப்பு கேக்கலேன்னா உன்னை வச்சுக்க முடியாது, அவ்வளவுதான்."

இத்தனை வருஷம் கூட இருந்தவர் வாயிலிருந்து வந்த பேச்சு அது. டார்லா மறுபடி வண்டிப் பக்கம் குனிந்தாள். காருக்கு அடியில், உருகிய பனி தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் போட்ட பட்டறைக்குள் எந்த வண்டி வந்தாலும் ஓடுகிற தண்ணீர்தான்.

அடச்சே! உள்ளே வந்ததும் எல்லாமே உருகிவிடுகிறதே! இது தோன்றாமல் போச்சே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. காரை வெர்னனிடம் திருப்பிக் கொடுக்கும்படி ஆர்னியிடம் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில அவர் வீட்டுக்குப் போலாம். நீங்களும் வாங்க."

மன்னிப்பு கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்து ஆர்னி நிம்மதியாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை, மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். வெர்னன் வீட்டு வாசலில் நின்ற காரின் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. தினமும் இதே கூத்துதான். வீட்டுக்குள்ளிருந்தே ரிமோட் பொத்தானை அமுக்கிக் காரைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், அப்புறம் மூன்று தெரு தள்ளியிருக்கும் காபிக் கடைக்கு ஓட்டிப்போய் அணைத்துவிடுவார்.

"வந்துட்டியா? பரவால்லம்மா, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்று பெரிய மனசு பண்ணி இறங்கி வந்தார்.

"வாயை மூடிக்கிட்டு பானட்டைத் திறங்க."

ஆர்னிக்கு இருமல் வந்துவிட்டது.

இன்ஜினிலிருந்து காற்றுப் பெட்டிக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிக் கட்டினாள் டார்லா. "நல்ல இன்ஜின் இதை உள்ள இழுக்கும். பட்டறையில இழுத்துச்சு. இப்பப் பாருங்க."

கையுறை உப்பியது. ஐந்து விரலும் விறைத்து, வெர்னன் முகத்துக்கு நேராக நின்றது.

இன்ஜினை அணைத்துவிட்டு, புகையை உறிஞ்சும் குழாயை உருவி உதறினாள். மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு பனிக்கட்டி வெர்னனின் பூட்ஸ்மேல் விழுந்தது.

"என்ன கருமம் இது?"

"நீங்க வளர்த்தது. இன்ஜின் முழுசாச் சூடேறவே விடாம அணைச்சிடுறீங்க. உள்ள ஈரம் சேந்து, எண்ணெயோட கலந்து, இந்தக் குழாய்ல உறைஞ்சுபோகுது. பட்டறைச் சூட்டுல உருகி ஓடிடுது, அதான் அங்க என் கண்ணுல படல. அடைச்சா எண்ணெய் காத்துப் பெட்டிக்குத்தான் ஏறும். நான் ஊத்தினதுல ஒரு சொட்டு கூட அதிகமில்ல!"

வெர்னன் சிரிக்கப் பார்த்தார். "சரி விடு, மாட்டிக் கொடு. பெருசு பண்ணாத."

"சரி, சரி. தெளிஞ்சுபோச்சுல்ல" என்றார் ஆர்னி, கையைத் தேய்த்தபடி. "இருந்தாலும் டார்லா, வாயை மூடச் சொன்னதுக்கு அவர்கிட்ட ஒரு சாரி சொல்லிடேன். உனக்கென்ன குறைஞ்சுபோகும்?"

டார்லா ஆர்னியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மன்னிப்பு நான் கேக்கமாட்டேன். அவர் கேக்கணும். இங்க வேணாம், என் பேரைக் கெடுத்த அதே காபிக் கடையில. அதுவரைக்கும் இந்தக் குழாயை மாட்ட மாட்டேன். நீங்க என்னை அனுப்பணும்னா இப்பவே அனுப்பிடுங்க."

"கொழுப்பைப் பாத்தியா ஆர்னி?" வெர்னன் கத்தினார். "நாளையிலேர்ந்து என் பஸ் ஒண்ணுகூட உன் பட்டறைப் பக்கம் வராது!"

ஆர்னி வெர்னனின் பூட்ஸ்மேல் கிடந்த கட்டியைப் பார்த்தார். அப்புறம் தன் பிக்கப்பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"வராட்டி போகட்டும். நீ முதல்ல ஏறு வெர்னன். காபிக் கடையில போய் இவகிட்டச் சத்தமா மன்னிப்பு கேக்கணும். உனக்கப்புறம் நானும் கேக்கணும்."