சோற்றைத் தட்டிவிட்ட ஒலிம்பஸ்காரி

போன வசந்தகாலத்தில், மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கப் பெண்மணி தனியாக இருக்கிறார். ஒலிம்பஸ் மலையடியில் பிறந்தவர். வேலியடியில் என் கணவரைக் கண்டால் போதும், மலைக்கதை தொடங்கிவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. கீழே ஓக் மரக்காடு, மேலே பைன், அதற்கும் மேலே வெறும் பாறையும் பனியும். உச்சியை முகில் மூடினால் பன்னிரண்டு தெய்வங்களும் கூட்டம் போடுகிறார்கள் என்று ஊரில் சொல்வார்களாம். "எங்கட கைலாயம் மாதிரி" என்று என் கணவரும் விடமாட்டார். அந்தத் தெய்வங்களிடமிருந்து நெருப்பைத் திருடிய ஒருவன், அதைப் பெருஞ்சீரக இனத்துச் செடியின் தண்டுக்குள் ஒளித்து மனிதருக்குக் கொண்டுவந்தான் என்ற கதைதான் என் கணவருக்கு மிகவும் பிடித்தது. அந்த இனம் இங்கே ஓடைக்கரைகளிலும் வளர்கிறது, குருத்தைச் சமைக்கலாம் என்று அந்தப் பெண்மணி ஒருநாள் சொல்லிவிட்டார்.

கீரை என்றால் என் கணவருக்கு உயிர். அன்று காலை நடக்கப் போனவர் ஒரு பை நிறையக் கீரையோடு வந்து நின்றார். பின்படியில் இருந்து இலையை ஆய்ந்து, தண்டுகளை வேலியோரம் எறிந்தார்.

"இஞ்சாருங்கோ, பெருஞ்சீரக வாசமே இல்லையே?"

"அடுப்பில ஏறினா வரும். நீர் வறையைச் செய்யும்."

தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தேன். உப்புப் பார்க்க ஒரு கிள்ளு நாக்கில் வைத்தேன். வாசம் கடைசிவரை வரவில்லை. சரி, மனுசன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது என்று பரிமாறினேன்.

எட்டு வயது மகள் முதல் பிடியைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோகிறாள், பின்கதவு படாரென்று திறந்தது. பக்கத்து வீட்டுக்காரி! பிள்ளையின் கையைத் தட்டிவிட்டார். அவளுடைய சோற்றுக்கோப்பை, என் கணவரின் கோப்பை இரண்டையும் கையால் வழித்து நிலத்தில் தள்ளினார். சோறு சுவரெல்லாம் பறந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஒரு பருக்கை சிந்தினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் நான். "விசர் பிடிச்சிட்டுதோ இவவுக்கு? சோத்தைப் போய்த் தட்டுறாவே!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் காதில் வாங்கவேயில்லை. மகளின் வாயைத் திறந்து விரலைவிட்டுத் துழாவினார். பிறகு மற்றக் கையில் இருந்த தண்டை எங்கள் முன் நீட்டினார். வேலியோரம் கிடந்த தண்டு. அதில் பெருஞ்சீரகத்துக்கு இல்லாத ஊதாப் புள்ளிகள். நஞ்சு, இது ஆளைக் கொல்லும் நஞ்சு, யார் சாப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நானும் பிள்ளையும் இன்னும் வாயில வைக்கேல்லை" என்றார் என் கணவர்.

"நான் உப்புப் பார்த்தனான்" என்றேன்.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சிலே வயர்களை ஒட்டிவிட்டு இருட்டும்வரை வைத்துப் பார்த்தார்கள். உட்போனது கொஞ்சம் என்பதால் தப்பினேன் என்றார் டொக்டர். செத்துப் பிழைத்தேன் என்று சும்மா சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டிலடியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இருந்தார். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் வேலியடியில் ஒருநாளும் சொல்லாத கதையைச் சொன்னார். சின்ன வயதில் அவரும் தங்கையும் அந்த மலைச்சரிவில் கீரை பிடுங்கப் போனார்களாம். பெருஞ்சீரகம் என்று நினைத்துத் தங்கை இதே தண்டைக் கடித்துத் தின்றாளாம். முதலில் கால் இயங்கவில்லை, பிறகு கை இயங்கவில்லை. கடைசிவரை நினைவோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அக்கா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறார், ஊர் போய்ச் சேருமுன்பே முதுகிலேயே உயிர் போய்விட்டதாம்.

என் மகள் இப்போதும் எல்லாப் பிள்ளைகளையும்போலப் பள்ளிக்கூடம் போகிறாள், என்னோடு வாய்காட்டுகிறாள். எங்கோ ஒரு மலையில் யாரோ பெற்ற பிள்ளை அப்படிச் செத்திராவிட்டால் இவள் இன்றைக்கு இருந்திருக்க மாட்டாள் என்று நினைக்கும்போது, கடவுளுக்கு நன்றி சொல்ல என்னால் வாய் திறக்க முடிவதில்லை.