மில் கேட்டில் ஒரு வகுப்பு

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு மிஷின் பெல்ட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கேட் பாஸுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த வாட்ச்மேனைப் பார்த்தேன். ஒடிசலான ஆள். காக்கிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவர் மேஜையில் இருந்த செல்போனில் ஒரு டீச்சர் நேரலையில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பாடத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. திரையை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார். அவ்வப்போது ‘இருக்கிறீர்களா?’ என்று ஒரு கட்டம் தோன்றும். உடனே ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, ‘ஆம்’ என்பதை அமுக்குவார்.

“படிக்கியளா அண்ணாச்சி?” என்றேன்.

“எம் மக படிக்கா. பத்தாவதோட நின்னவ, இப்ப ஆன்லைன்ல பன்னெண்டாவது. வருகை கொறைஞ்சா பரீட்சை எழுத விட மாட்டாக.”

“அவ எங்க?”

“உள்ள மிஷின்ல நிக்கா. செல்லு கொண்டுபோகக் கூடாதுல்லா.”

எனக்கு எரிச்சலாக வந்தது. “படிக்கிற பிள்ளைகிட்ட எந்தப் புண்ணியவான் செல்லைப் பிடுங்கி வைக்கான்?”

அவர் மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே வரிசையாகச் செல்போன்கள்.

“நாந்தான். அதுக்குத்தான எனக்குச் சம்பளம்.”

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு பெண் வந்து கையை நீட்டினாள். மேஜையில் இருந்த போனை எடுத்துக் கொடுத்தார்.

“இன்னைக்கு என்ன பாடம்ப்பா?”

“எனக்கு என்னட்டி தெரியும்? நீ இருந்தேன்னு போட்டாச்சு.”

அவள் போனை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவர் விரலை மறுபடியும் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.