தோட்டத்தில் புதைத்த இரண்டு காட்டுக்கோழிகள்

உமாபதி அண்ணை ஸ்டுட்கார்ட்டை அடுத்த எஸ்லிங்கனில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டினார். பருத்தித்துறைக்காரர். ஆள் நெட்டை; தொண்டை ஆளைவிடப் பெரிது. அந்தத் தொண்டைக்காகத்தான் வீட்டுக்காரர் ஹேபர்லே அவரை வேட்டைக்கு அழைத்துப் போகத் தொடங்கினார்.

ஹேபர்லே ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். மனைவி இறந்து நாலு வருடம். ஊருக்கு வெளியே சில வயல்களில் பறவை சுடும் உரிமை வைத்திருந்தார். புதருக்குள் பதுங்கும் பறவைகளைக் கிளப்ப ஒருவர் கம்பால் தட்டிக்கொண்டே சத்தம் போட வேண்டும். மற்றவர்கள் "ஹோ, ஹோ" என்பார்கள். அண்ணை "எழும்பு! எழும்பு!" என்று தமிழில் அதட்டினார். 1967 நவம்பரில், போன முதல் சனிக்கிழமையே இரண்டு ஃபசான் சேவல்கள், சிவந்த கன்னமும் முழநீள வாலும் கொண்ட காட்டுக்கோழிகள், கிளம்பி விழுந்தன.

"ஜெர்மன் கோழிக்கும் தமிழ் விளங்குது, மௌலி," என்றார் அண்ணை என்னிடம். "அந்த மனுசன் என்ன செய்தவர் தெரியுமே? செத்த கோழியின்ரை சொண்டிலை ஊசியிலைக் கொப்பொண்டு வைச்சவர். கடைசி வாய்ச் சாப்பாடாம். மானுக்குத்தான் வழக்கம், இவர் கோழிக்கும் வைப்பாராம்."

வீட்டில் கீழ்த்தளம் ஹேபர்லேக்கு. நடுத்தளத்தில் அண்ணையும் அவர் மனைவி வேதவல்லி அக்காவும். கூரைக்கடியில் இருந்த அறையில் நான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். இந்த வீடு கிடைக்கும் முன் அண்ணை ஏழு கதவு தட்டியிருந்தார். தொலைபேசியில் "வாருங்கள்" என்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் "வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். இப்போது அக்காவுக்கு ஏழு மாதம். ஹேபர்லே போகச் சொல்லிவிட்டால் பனிக்காலத்தில் எங்கே போவது என்ற பயம் எங்கள் மூவருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

அடுத்த சனிக்கிழமை அண்ணை வேலைக்குப் போயிருந்தார். ஹேபர்லேயும் வெளியே. அக்கா படியிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாங்கோ. என்னவோ நாறுதல்லோ?"

நிலவறைப் படியில், ஒரு கொக்கியில், அதே இரண்டு கோழிகள். இறகு கூடப் பிடுங்காமல், ஒரு வாரமாக.

"பாவம் மனுசன்," என்றார் அக்கா. "மனுசி இல்லாத வீடு. கொழுவிப்போட்டு மறந்துபோனார்."

"இது சேஃப் இல்லைக்கா. நீங்க வேற இந்த கண்டிஷன்ல இருக்கீங்க. டஸ்ட்பின்ல போட்டுடறேன்."

"பறந்து திரிஞ்ச சீவனைக் குப்பையிலை போடுறதோ? தாட்டுவிடுவம்."

தோட்டத்து மூலையில் நான்தான் குழி வெட்டினேன். அக்கா பழைய பருத்திச் சேலைத் துண்டில் இரண்டையும் சுற்றினார். மூடுவதற்கு முன் உள்ளே போய் ஒரு பிடி அரிசி கொண்டுவந்தார். "வெறும் வாயோடை அனுப்பக்கூடாது" என்று சொல்லி இரண்டு அலகுகளிலும் வைத்தார்.

இரண்டு மணிக்கு அண்ணை வந்தார். நாங்கள் செய்த நல்ல காரியத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, உதை ஏன் செய்தனீங்கள்! இண்டைக்குத்தான் பட்டறையிலை சொன்னவங்கள். ஒரு கிழமை இறகோடை கொக்கியிலை தூங்கவிட்டாத்தான் இறைச்சி மெத்தெண்டு வருமாம். நாளைக்கு ஹேபர்லேயின்ரை தங்கச்சியும் புருசனும் அதைச் சாப்பிடத்தான் வருகினம்!"

நான் குரலைத் தாழ்த்தினேன். "பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிடலாமா, அண்ணே?"

"வாயில்லாத பூனையிலை பழி போடுறதோ?" என்றார் அக்கா. "நான் செய்தனான், நானே சொல்லுறன்."

"உன்ரை ஜெர்மனிலை சொன்னா மனுசன் போலீசைக் கூப்பிடும். நான் போறன்."

கடைசியில், ஹேபர்லே வீடு திரும்பியதும், மூவருமே கீழே போனோம். அண்ணை சொல்லி முடிக்கும்வரை ஹேபர்லே பைப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. "எங்கே?" என்று மட்டும் கேட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் மனதுக்குள் பெட்டி அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

மண்ணை விலக்கி, துணியைப் பிரித்தார். இரண்டு தலைகளும் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அரிசி எதற்கு?"

"கடைசி வாய்," என்றார் அண்ணை. "எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு வைப்பது. இவள் கோழிக்கும் வைத்துவிட்டாள்."

ஹேபர்லே துணியை முன்பிருந்தது போலவே மூடினார். மண்ணைத் தள்ளி, மண்வெட்டியின் முதுகால் மெல்லத் தட்டினார். பிறகுதான் கோபப்பட்டார். "சரி. நாளைக்கு என் தங்கை எதைச் சாப்பிடுவாள்? இந்த மண்ணையா?"

"புதுசாச் சுட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கோ, நான் சமைக்கிறன்," என்றார் அக்கா. "ஆனா அண்டைக்கே சட்டியிலை போடவேணும்."

"அன்றைக்கேயா? செருப்புத் தோல் மாதிரி இருக்கும்!"

"செருப்பெண்டாலும் எங்கடை தூள் போட்டா இறங்கும்."

இதை மட்டும் அண்ணை மொழிபெயர்க்கவில்லை.

ஞாயிறு விடியும்போது இருவரும் புறப்பட்டு, தேவாலய மணி அடிக்கும் முன் ஒரே ஒரு சேவலோடு வந்தார்கள். அண்ணை கொதிநீரில் முக்கி இறகு பிடுங்கினார். அக்கா எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டினார். கேக்குக்குப் போடும் உலர்ந்த தேங்காய்த்துருவலைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து பால் எடுத்தார். ஊரிலிருந்து வந்த கறித்தூள் டின்னில் பாதி காலி. அடுப்பில் இரண்டரை மணி நேரம். ஹேபர்லே மூன்று தடவை படியேறி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

கீழிருந்து நாற்காலிகள் மேலே வந்தன. தங்கை மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். அவர் கணவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்கவே இல்லை. ஹேபர்லே ஒரு துண்டை நெடுநேரம் மென்றார்.

"கடினம்," என்றார்.

அக்காவின் முகம் சுருங்கியது. ஹேபர்லே தட்டை நீட்டினார். "குழம்பு இன்னும் கொஞ்சம்." ஊற்றும்போதே அறையைச் சுற்றிப் பார்த்து, "தொட்டிலை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார்.

அதுவரை அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்கத் துணியவில்லை.

"பக்கத்துச் சின்ன அறையில் என் மனைவியின் தையல் இயந்திரம் இருக்கிறது. இறக்கிவிடலாம். உமாபதி, நீ ஒரு பக்கம் பிடி."

பதினொரு வருடம் அவர்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். நவம்பர் தோறும் ஒரு கோழி கொக்கிக்கு, ஒன்று அக்காவின் சட்டிக்கு. ஹேபர்லே தன் கட்சியைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை, அக்காவும்தான். 1974-இல் அண்ணை வேட்டை உரிமப் பரீட்சையில் தேறியபோது, ஹேபர்லே பழைய கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொன்று அடித்துக் கொடுத்தார். அண்ணை அதில் குடையைத்தான் மாட்டினார்.

மகள் பள்ளிக்குப் பிந்தும் காலைகளில், கீழ்த்தளப் படியிலிருந்து, பைப் மணத்தோடு, வீடே அதிரும்படி ஒரு குரல் கேட்கும்: "எழும்பு! எழும்பு!" அது அண்ணையின் தொண்டை அல்ல.