டார்லின் பிக்ஃபோர்டின் சுவர்கள்

டார்லின் பிக்ஃபோர்ட் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, இனி அவள் ஏதாவது கடைக் கல்லாவில்தான் உட்காருவாள் என்று அமெரிக்காவின் மேய்ன் கரையில் இருக்கும் எங்கள் ஊரே முடிவு கட்டியது. எங்களோடு பல வருடம் மர வீடு கட்டியவள். உட்காரத்தான் செய்தாள், ஆனால் கணினி முன்னால். வீடு வரையும் மென்பொருளைத் தானே கற்றுக்கொண்டு, சுவர்களுக்கு எலிவேஷன் போட்டுத்தர ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல, உள்ளிருக்கும் கட்டைகள் அத்தனையும் தெரியும் படம் அது.

மென்பொருள் தானாக நட்டுவைக்கும் கட்டைகளை அவள் அப்படியே விட்டுவிடமாட்டாள். இரண்டு சுவர் சேரும் மூலையில் வேண்டிய ஒரு கட்டையை அது வைக்காமல் விட்டுவிடும். ஜன்னலை ஒட்டி, சுத்தியலே நுழையாத சந்தில் இன்னொன்றைச் செருகும்.

"இது என்னைக்கு ஆணி அடிச்சுது?" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நகர்த்துவாள்.

எங்கள் மேஸ்திரி எல்டன் கஷ்மனுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "மகராசி நாற்காலியில சுவர் கட்டுறா. நாங்க பனியில கட்டுறோம்."

"என் சுவர் கோணாதுய்யா. உன்னுது மாதிரி இல்ல."

பிறகு ஹேடன் தீவில் ஒரு வீடு கட்டும் வேலை வந்தது. தீவில் மரக்கடை கிடையாது. சரக்குப் படகும் காற்று இடம் கொடுத்தால்தான் வரும். அதனால் டார்லினின் படங்களைப் பார்த்து எல்லாக் கட்டைகளையும் கரையிலேயே அறுத்து, சுவர்வாரியாகக் கட்டி ஏற்றினோம்.

"ஒரு கட்டை குறைஞ்சாலும் நீதான் நீந்திக் கொண்டாரணும்" என்றான் எல்டன்.

"கொண்டாரேன். ஆனா குறையாது."

குறையவில்லை. மூன்று சுவர்கள் எழுந்து நின்றன. அடித்தளத்தின் விளிம்போடு அவை பொருந்தியதைப் பார்த்து எல்டனே சீட்டியடித்தான். கடலைப் பார்த்த நான்காவது சுவரையும் தூக்கி நிறுத்தி முட்டுக் கொடுத்தோம். அப்புறம்தான் கவனித்தோம். கூடத்தில் வரவேண்டிய பெரிய ஜன்னல் சமையலறைப் பக்கம் நின்றது.

எல்டன் போனில் கத்தினான். "உன் சுவர் இடவலமா மாறி நிக்குது! வந்து பாரு!"

மறுநாள் முதல் படகில் டார்லின் கைத்தடியோடு வந்து இறங்கினாள். நான் கை நீட்டினேன், அவள் பிடித்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். உள்ளே போய் நின்று மறுபடியும் பார்த்தாள்.

"தப்பு என்னுதுதான்" என்றாள். "மத்த மூணையும் வெளியே நின்னு பாக்குற மாதிரி வரைஞ்சேன். இதை மட்டும் உள்ளே நின்னு பாத்துட்டேன். எங்கே நின்னு பாக்கணும்னு எழுதவும் இல்ல. நீங்க வெளியேன்னு நெனச்சு அடிச்சிருக்கீங்க."

ராத்திரியெல்லாம் கேலிக்குத் தயாராகிவந்த எல்டன் சுவரைத் தட்டிப் பார்த்தான். "அப்போ மொத்தமும் பிரிக்கணுமா?"

"எதுக்கு? வெளிப்பலகை அடிச்சாச்சா?"

"பலகையே இன்னும் வந்து சேரல."

"அப்புறம் என்ன? புரட்டிப் போடுங்கய்யா, பான்கேக் மாதிரி. உள்பக்கம் வெளியே போகட்டும். மூலையில இருக்கிற கூடுதல் கட்டையும் தானா சரியான கோடிக்கு வந்துடும்."

முட்டுகளைக் கழற்றிச் சுவரைப் படுக்கவைத்தோம். ஆறு பேர் பிடித்துப் புரட்டினோம். மறுபடி தூக்கியபோது ஜன்னல் கூடத்துக்கு வந்து, அதன் வழியே கடல் தெரிந்தது. டார்லின் நாடாவைக் கேட்டு வாங்கி மூலைக்கு மூலை அளந்தாள்.

எல்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உக்காந்த இடத்துல தப்பு பண்ணி, உக்காந்த இடத்துலயே சரி பண்ணிட்டே."

"நின்னுக்கிட்டுதான்யா சொன்னேன். கண்ணு தெரியலயா?"

எல்லோரும் சிரித்தோம். எல்டன் தன் பிளாஸ்கில் இருந்த மீன் சூப்பை முதலில் அவளுக்குத்தான் ஊற்றினான்.

அதற்குப் பிறகு அவளுடைய ஒவ்வொரு படத்திலும் எங்கே நின்று பார்க்கவேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்துத் தீவுகளில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது சுவர் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் படகுக்குச் சொல்கிறார்கள். எல்டன் தன் மகளுக்குக் கட்டும் வீட்டுக்கும் அவளிடமே போனான். வரிசையில் நில் என்று சொல்லிவிட்டாள். நிற்கிறான்.