காளவாயில் வெந்த கடல்கல்

ஆம்பூரில் நான் கூலி வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்புக்கு முதலில் பக்கத்து மலைகளிலிருந்துதான் சுண்ணாம்புக்கல் வந்துகொண்டிருந்தது. தோலிலிருந்து மயிரைக் கழிக்கத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். கடல்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக வரும் என்று யாரோ முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கோடையில் தென்கோடிக் கடற்கரையிலிருந்து ரயிலில் அந்தக் கல் வந்து இறங்கியது.

நாங்கள் அதுவரை அப்படிப்பட்ட கல்லைப் பார்த்ததில்லை. சில கற்கள் மான்கொம்புபோலக் கிளைவிட்டிருந்தன, சில ஆட்டு மூளைபோல மடிப்பு மடிப்பாக இருந்தன. பொந்துகளுக்குள் சின்ன நண்டுகள் செத்துக் காய்ந்து கிடந்தன. தோல் நாற்றத்திலேயே வளர்ந்த எங்களுக்கே அதன் வாடை குமட்டியது. சுமந்தவர்களின் கையைக் கிழித்த இடமெல்லாம் சீழ் பிடித்தது.

"கல்லு இன்னாத்துக்கு நாறுது?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"மோந்து பாக்கவா உனக்குக் கூலி?" என்றார்.

அந்தக் கல்லோடு கல்லாக, கல்லைச் சுடும் காளவாய் வேலைக்கென்று ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். கடலில் அந்தக் கல்லை உடைத்தவர்களே அவர்கள்தான். அந்தப் பெண்ணும் நானும் சுட்ட கல்லின்மேல் தண்ணீர் தெளித்து நீற்றும் வேலையில் ஒன்றாக இருந்தோம். என்னைவிட மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னைத் தாயி என்பாள்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்கடியில் அவர்கள் ஊருக்கு முன்னால் மதில்போல அந்தக் கல் நீண்டு கிடந்ததாம். அதை அவர்கள் பார் என்பார்கள்.

"இது கல்லு இல்ல தாயி. உசுரோட இருக்கையில செவப்பும் பச்சையுமா பூத்துக் கெடக்கும். பொட்டு பொட்டா வாய் இருக்கும். மீனு அம்புட்டும் அதுலதான் குஞ்சு பொரிக்கும்."

"அப்புறம் ஏங்கா ஒடைச்சீங்க?"

"மீனு சரியா வுழாத வருசம் காண்ட்ராக்டர் வந்தான். கடப்பாரையைக் குடுத்தான். ஒடைச்சோம்."

வருஷாவருஷம் உடைத்தார்கள். மீன் இன்னும் குறைந்தது, அதனால் இன்னும் உடைத்தார்கள். முன்பெல்லாம் பாரில் மோதித் தணிந்து வந்த அலை, ஓர் ஐப்பசிப் புயலில் தடுக்க ஒன்றுமில்லாமல் நேரே குடிசைக்குள் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த அவர்கள் மகளைக் கொண்டுபோனது. வீடு இருந்த மண்ணும் போயிற்று. கல் போகிற ஊரில் வேலை இருக்கிறது என்று காண்ட்ராக்டரின் ஆள் சொன்னதும் ரயிலேறிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் கூடையில் கல் அள்ளிக்கொண்டே சொன்னாள். அழவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் தோல் வரத்து ஜாஸ்தியாகி, சுண்ணாம்பு போதவில்லை. தோல் அழுகத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து நேரத்தை வீணாக்குகிறோம் என்று மேஸ்திரி கத்தினார்.

"ஒரேடியா ஊத்தினா வெடிக்குங்க," என்றார் அவள் புருஷன்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? ஊத்துடி."

அவள் குடத்தைச் சாய்த்தாள். குவியல் சீறி வெடித்தது. கொதிக்கும் சுண்ணாம்பு அவள் முகத்தில் அறைந்தது. நான் அவளை நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய் மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றினேன். கண்ணின் கருமை என் எதிரிலேயே பால்போல வெளுத்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டார் புருஷன்.

"தோல் ஏத்த வெச்சிருக்கிற வண்டி அது. நடந்து போங்க," என்றார் மேஸ்திரி.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தோம். டாக்டரம்மாவால் ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது கடல்கல் நின்றுபோயிருந்தது. மலைக்கல்லே செலவு கம்மி என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். சுடாமல் கிடந்த மிச்சக் கல்லை, பாலாற்றுக்குக் கழிவுத் தண்ணீர் போகும் கால்வாயின் கரையில் கொட்டி நிரவச் சொன்னார். கடைசி நாள் கூலிக்கு அந்தக் கல்லைச் சுமந்து கொட்டியது அவள் புருஷன்தான். மறுநாள் இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

சில வருஷம் கழித்து மிச்சக் கண்ணைக் காட்ட வேலூருக்கு வந்தவள், வழியில் இறங்கி என் வீட்டைத் தேடி வந்தாள். துணைக்கு அண்ணன் மகன் வந்திருந்தான். கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள்.

ஊருக்குப் போனதும் புருஷன் மீன்பிடிக்கப் போகவில்லையாம். கரையில் சிதறிக் கிடந்த செத்த கற்களைப் பொறுக்கி, பழைய பார் இருந்த இடத்தில் மூழ்கி மூழ்கி அடுக்கினாராம். தூரத்துத் தீவோரம் உயிரோடிருந்த பாரில் அலை முறித்துப்போட்ட துண்டுகளைக் கடல்தண்ணீரோடு பானையில் கொண்டுவந்து அந்தக் கல் இடுக்குகளில் செருகினாராம். ஊர் சிரித்தது. பெரும்பாலானவை வெளுத்துச் செத்தன.

"எல்லாமே செத்துப்போச்சா அக்கா?"

"இல்ல தாயி. சிலது புடிச்சுக்கிருச்சு. வருசத்துக்கு விரல் கனம்தான் வளரும். என்னைய முங்கவச்சுத் தொட்டுப் பாக்கச் சொன்னாரு. வழவழன்னு இருந்துச்சு. குட்டி மீனு கையில வந்து இடிச்சுச்சு."

அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

"போன மாசம் காண்ட்ராக்டர் ஆளுக வந்துட்டாக. தூரத்துப் பாரெல்லாம் தீந்துபோச்சு. இது கரைக்குக் கிட்டக்க இருக்கு, லேசுன்னு இதுல கடப்பாரையைப் போட்டாக."

"உங்க வூட்டுக்காரர் இன்னா பண்ணாரு?"

கஞ்சியை முழுவதும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கடல்ல குதிச்சுக் குறுக்க நின்னாரு. அடிச்சாக. மறுநா வீட்டுல ஒல வைக்க ஒண்ணுமில்ல. அவுக படகுலயே கடப்பாரையோட வேலைக்குப் போனாரு. எங்க எது வெளைஞ்சிருக்குன்னு அவருக்குத்தான தெரியும்."

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அந்தக் கண்ணிலும் இனிப் பார்வை நிற்காது என்றார்கள்.