புத்தகத்தின் பின்பாதி

வகுப்பு முழுக்க அவளை அண்ணி என்றே கூப்பிட்டது. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நர்சிங் படிக்க வந்தவள். அதே வகுப்பில் கணவனின் தங்கையும் படித்தாள். அவள் வாயிலிருந்து தொற்றிய பெயர் அது. அந்தத் தங்கைக்குக் கிளி என்று வகுப்பு பெயர் வைத்தது. ஒரு தடவை படித்தால் ஒப்பித்துவிடுவாள்.

அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டு மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்தது ஒரே புத்தகம். தலையணை கனம். கடைசிப் பரீட்சை நெருங்க, அது யாரிடம் இருப்பது என்று சண்டை முற்றிய ஒருநாள், கணவன் கத்தியை எடுத்து அதை நடுவில் அறுத்தான்.

"ஆளுக்குப் பாதி. ஞாயித்துக்கிழமை மாத்திக்கங்க. என்னை நிம்மதியா சாப்பிட விடுங்க."

"என் பொண்ணுக்குப் புத்தகமே வேணாம்டா. அட்டையைப் பாத்தாலே போதும்" என்றாள் மாமியார்.

அண்ணிக்கு வயிறு எரிந்தது.

அறுவை சிகிச்சை வார்டில் ஓர் இடம்தான் காலி. கடைசிப் பரீட்சையில் முதலாவதாக வருகிறவளுக்கு அது. அண்ணி சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் முதல் மாற்று. அவள் தன்னிடமிருந்த பின்பாதியைத் தரவில்லை.

"இன்னும் முடிக்கல" என்றாள். முடித்திருந்தாள்.

"சரி அண்ணி, மெதுவாக் குடுங்க."

கோபம்கூட வரவில்லை கிளிக்கு. அதுவும் அண்ணிக்கு எரிந்தது.

பரீட்சை வார்டிலேயே நடந்தது. அண்ணிக்குப் பித்தப்பை எடுத்த ஒரு பெரியவர். அடுத்த கட்டிலில் கிளிக்கு, காலையில் தைராய்டு எடுத்திருந்த ஒரு தையற்காரம்மா. கிளி நாடி பார்த்தாள். கழுத்தின் முன்பக்கக் கட்டைப் பார்த்தாள்.

"கட்டு காஞ்சிருக்கு மேடம். ரத்தக்கசிவு இல்ல."

மணி மாதிரிக் குரல். ஆசிரியை தலையாட்டினாள்.

"கழுத்து இறுக்குதும்மா" என்றாள் தையற்காரம்மா கரகரத்து. "அளவு தப்பு. அரை இஞ்சு லூஸ் விடு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அந்த அம்மாளின் கால்கள் விரிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. சாய்ந்து படுத்திருப்பவளின் ரத்தம் முன்கட்டை நனைக்காமல் பிடரி வழியே இறங்கும். உள்ளேயே தேங்கினால் மூச்சை நெரிக்கும். புத்தகத்தின் பின்பாதியில் இருந்தது அது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கிளி தோற்பாள். அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு போய் அந்த அம்மாளின் பிடரிக்கடியில் கையை விட்டாள். சிவப்பாக வந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

"மேடம், டாக்டரைக் கூப்பிடுங்க! கிளி, தையல் பிரிக்கிற தட்டை எடு!"

டாக்டர் வந்து தையலைப் பிரித்துத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றியதும், தையற்காரம்மாவை மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

"பிடரியில கை வெச்சுப் பாக்கணும்னு நீ படிக்கவே இல்லையா?" என்று கேட்டாள் ஆசிரியை.

கிளி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி குனிந்து கையுறையைக் கழற்றினாள்.

"தப்பு என்னுதுதான் மேடம். அண்ணி பாக்கலேன்னா அந்தம்மா இல்ல."

வார்டு அண்ணிக்குக் கிடைத்தது.

"இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? அண்ணிக்காக விட்டுக் குடுத்துட்டா" என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி பின்பாதியை எடுத்துக்கொண்டுபோய்க் கிளியின் மடியில் வைத்தாள்.

"இப்ப எதுக்கு அண்ணி? பரீட்சைதான் முடிஞ்சு போச்சே."

"மேடம் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"எதை?" என்று கேட்டுச் சிரித்தாள் கிளி.

அண்ணி அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை தடவை படித்தாலும் அது தனக்கு வராது.